குறுக்குச் சட்டத்தில் நான்கு கோடுகள்

குழந்தை யாரோ கிறுக்கி வைத்ததாகத்தான் முதலில் நினைத்தேன். வெயிலிலும் மழையிலும் கறுத்துப்போன ஓர் ஓக் மரத்தூண். அதில் மேலே குறுக்குச் சட்டம் வந்து சேரும் இடத்தில், உளியால் வெட்டிய நான்கு கோடுகள். விரல் நீளத்துக்கு, ஒன்றை ஒட்டி ஒன்று. தொட்டுத் தடவினால் பள்ளம் தெரிகிறது. குறுக்குச் சட்டத்தைப் பார்த்தேன். அதன் முனையிலும் அதே நான்கு கோடுகள். இரண்டு அடி தள்ளி அடுத்த தூணில் ரோமானிய ஐந்து. அதில் சேரும் கட்டையிலும் ஐந்து. அப்புறம்தான் புரிந்தது, இது கிறுக்கல் இல்லை, கணக்கு.

ஜெர்மனியின் இந்தப் பழைய மரச்சட்ட வீடுகளைத் தச்சர்கள் முதலில் மனையில் வைத்துக் கட்டவில்லை. தச்சுக்களத்தில் மரத்தைச் செதுக்கி, ஒரு முழுச் சுவரையும் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக உட்கார்ந்ததும், ஒவ்வொரு பொருத்திலும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணை வெட்டிவிட்டு, கழற்றி, வண்டியில் ஏற்றி, மனைக்குக் கொண்டுவந்து, எண் பார்த்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். நான்கை ரோமானிய முறைப்படி எழுதாமல் நான்கு கோடுகளாகவே வெட்டியதற்கும் காரணம் உண்டு. களத்தில் மரம் தலைகீழாகத் திரும்பிக் கிடந்தால் ரோமானிய நான்கு ஆறாகத் தெரியும். ஒரு தூண் இடம் மாறிவிட்டால் சுவரே சேராது.

எத்தனையோ பேர் தினமும் கடந்துபோகும் தெருவில், கை எட்டும் தூரத்தில், ஒரு தச்சர் தன் கூட்டாளிக்குச் சொல்லிவைத்த குறிப்பு பல நூறு வருஷமாக அப்படியே இருக்கிறது. அந்தத் தூணை விட்டு நகர எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஊர் பெயர் குவெட்லின்பூர்க். ஜெர்மனியின் நடுப்பகுதியில், ஹார்ட்ஸ் மலையின் வடக்கு அடிவாரத்தில், போடே ஆற்றங்கரையில் இருக்கிறது. நான் ஏழு வருஷமாக இருப்பது மாக்டபூர்க்கில். படிக்க வந்து, வேலை கிடைத்து, தங்கிவிட்டேன். 1945 ஜனவரி 16ஆம் தேதி குண்டுவீச்சில் எரிந்துபோன நகரம் அது. பழைய மையத்தில் மிஞ்சியது மிகக் குறைவு. அதனால் அங்கே 'பழைய வீடு' என்று யாராவது சொன்னால், 1900-ஐ ஒட்டிக் கட்டிய உயரமான கூரை வைத்த அடுக்குக் குடியிருப்பு என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அதைவிடப் பழைய வீட்டில் ஆட்கள் குடியிருப்பார்கள் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

மாக்டபூர்க்கிலிருந்து குவெட்லின்பூர்க் போகும் ரயில் ஹால்பர்ஷ்டாட் வழியாகப் போகிறது. அந்த ஊரையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் மரச்சட்ட வீடுகளுக்குப் பேர்போன ஊர் ஹால்பர்ஷ்டாட்தான். 1945 ஏப்ரல் 8ஆம் தேதி, போர் முடிய ஒரு மாதமே இருக்கும்போது, அதன்மேல் குண்டு விழுந்தது. உள்நகரின் பெரும்பகுதி ஒரே நாளில் போனது. 2,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கிருந்து குவெட்லின்பூர்க் 15 கிலோமீட்டருக்குள். அங்கே அப்படி எதுவும் விழவில்லை. ரயிலில் கால் மணி நேரத்தில் கடந்துவிடுகிற தூரம். அந்தக் கால் மணி நேரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி.

குவெட்லின்பூர்க்குக்கு வருகிறவர்கள் முதலில் ஏறுவது குன்றின்மேல் இருக்கும் கோட்டைக்கும் தேவாலயத்துக்கும். அதில் தப்பில்லை. முதலாம் ஹைன்ரிஷ் மன்னரை 936-ல் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். அவர் மகன் ஓட்டோ அதே வருஷம் அங்கே பெண்களுக்கான ஒரு மடத்தை நிறுவினார். அந்த மடத்தின் தலைவிகள் ஏறக்குறைய 900 வருஷம் இந்த ஊரின்மேல் அதிகாரம் செலுத்தினார்கள். ஊர்க்காரர்கள் அந்த அதிகாரத்தை உதறப் பார்த்து 1477-ல் தோற்றும்போனார்கள். பெரிய வரலாறு. ஆனால் என் கண் மேலே நிற்கவில்லை. குன்றிலிருந்து பார்த்தால் கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள் ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆண்டவர்களின் கல் கட்டடம் தப்பிப் பிழைப்பது எல்லா ஊரிலும் நடப்பது. செருப்பு தைத்தவரும் துணி நெய்தவரும் குடியிருந்த மர வீடு தப்பிப் பிழைப்பது அபூர்வம். இங்கே அப்படி 2,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. கோட்டை, தேவாலயம் இவற்றோடு சேர்த்து பழைய நகரத்தையே 1994-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இந்தக் கட்டுமானத்துக்கு ஜெர்மனில் 'ஃபாக்வெர்க்' என்று பெயர். 'ஃபாக்' என்றால் அறை, கட்டம். கீழே படுக்கையாக ஓர் அடிச்சட்டம். அதன்மேல் வரிசையாகத் தூண்கள். தூண்களை இணைக்கக் குறுக்குச் சட்டம், காற்றுக்கு ஆடாமலிருக்கச் சாய்வுக் கட்டை, தலையில் இன்னொரு நீளச் சட்டம். வீட்டின் பாரம் முழுவதையும் தாங்குவது இந்த மரக்கூடுதான். நடுவில் விழுகிற கட்டங்களை அடைப்பது மண். காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் 'டாக்', 'ஃபாக்' இரண்டுக்கும் அடியில் வந்துவிட்டது என்பார்கள். டாக் என்றால் கூரை. கூரையும் மரக்கூடும் நின்றுவிட்டால் அப்புறம் பயமில்லை. என் அலுவலகத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதெல்லாம் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு வீடு இருப்பது இங்கே வந்தபிறகுதான் தெரிந்தது.

இன்னொரு சொல். சுவருக்கு ஜெர்மனில் இரண்டு பெயர்கள். கல்லாலோ செங்கல்லாலோ எழுப்பினால் 'மவுவர்'. அது லத்தீனிலிருந்து வந்தது, ரோமானியர்கள் விட்டுப்போன சொல். வீட்டுச் சுவருக்குப் பொதுவாகச் சொல்வது 'வான்ட்'. முறுக்கு, சுற்று, பின்னு என்கிற பொருள்தரும் 'விண்டன்' என்ற வினையிலிருந்து அது வந்திருக்கிறது. சுவர் என்றால் பின்னுவது! தூணுக்கும் தூணுக்கும் நடுவே குச்சிகளைச் செருகி, அவற்றில் இளம் மிலாறுகளை முன்னும் பின்னுமாகப் பின்னி, வைக்கோல் மிதித்துக் குழைத்த களிமண்ணை இரண்டு பக்கமும் அப்பியிருக்கிறார்கள். நம் ஊரில் வரிச்சு கட்டி மண் அப்பிய சுவரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வைக்கோலை மிதிக்கிற கால், பின்னுகிற கை எல்லாம் ஒன்றுதான். மரமும் குளிரும்தான் வேறு.

இனி எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். நான் அரை நாள் வாய் பிளந்து எல்லாவற்றையும் மொத்தமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பிறகு ஒரு வீட்டைக் கீழிருந்து மேலாக வாசிக்கக் கற்றுக்கொண்டேன். வித்தியாசம் அதிகம்.

தொடங்க வேண்டிய இடம் வோர்ட்காஸெ தெருவின் 3ஆம் எண் வீடு. சின்ன வீடு. எந்தச் சிற்பமும் இல்லை. கறுத்த தூண்களும் வெளுத்த மண்கட்டங்களும்தான். ஜெர்மனியில் இன்னும் நிற்கும் மிகப் பழைய மரச்சட்ட வீடுகளில் ஒன்று. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். பிறகு மரத்தின் வளையங்களை ஆராய்ந்து பார்த்ததில் 1346-47 என்று தெரிந்தது. வெட்டிய பருவம்வரை எப்படிச் சொல்ல முடிகிறது என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஓக் மரம் காய்ந்துவிட்டால் இரும்பாகிவிடும், செதுக்க முடியாது. அதனால் குளிர்காலத்தில் வெட்டி, ஈரம் காய்வதற்குள் செதுக்கி, வீடாக நிறுத்திவிடுவார்கள். ஆகவே மரம் வெட்டிய வருஷமும் வீடு நின்ற வருஷமும் ஏறக்குறைய ஒன்றுதான். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் கிடைத்துவிட்டால் போதும்.

இந்த ஊரில் நேராக நிற்கும் சுவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அதற்கும் இந்தப் பச்சை மரம்தான் காரணம். நிறுத்தியபிறகு மரம் தன் இஷ்டத்துக்குக் காய்ந்தது, முறுக்கியது, சுருங்கியது. வீடும் கூடவே அசைந்து, தனக்கு வசதியான ஒரு சாய்வில் அமர்ந்துகொண்டது. விழுந்துவிடும் போலிருக்கிறதே என்று நான் பயந்த வீடுகள் எல்லாம் 400 வருஷத்துக்கு முன்பே சாய்ந்து, அந்தச் சாய்விலேயே நிற்பவை.

வோர்ட்காஸெ வீட்டில் கவனிக்க வேண்டியது தூணின் நீளம். அடிச்சட்டத்திலிருந்து கூரைவரை இரண்டு தளத்துக்கும் ஒரே தூண். மிக எளிய முறை. ஆனால் அதற்கு நீளமான, நேரான மரம் நிறைய வேண்டும். வீட்டின் உயரம் மரத்தின் உயரத்தோடு நின்றுவிடும். பின்னால் வந்த தச்சர்கள் வேறு வழிக்குப் போனார்கள். ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிக் கூடாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டி அடுக்குவதுபோல அடுக்கினார்கள். மரம் குட்டையாக இருந்தால் போதும். மேல்பெட்டியைக் கீழ்ப்பெட்டியைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளியும் வைக்கலாம்.

அந்தத் தள்ளல்தான் இந்தத் தெருக்களின் முகம். தெருவிலிருந்து நிமிர்ந்தால் இரண்டாம் தளம் முதல் தளத்தைவிட ஒரு சாண் முன்னால் நிற்கிறது. மூன்றாம் தளம் இன்னும் ஒரு சாண். சில சந்துகளில் எதிரெதிர் வீடுகளின் தலைகள் கிட்டத்தட்ட முட்டிக்கொள்கின்றன. நடுவில் வானம் ஒரு நாடா அகலத்துக்குத்தான் தெரிகிறது. இதனால் மேலே அறை பெரிதாகிறது. கூடவே மழை நேராக வெளியே விழுகிறது, கீழ்ச்சுவர் நனைவதில்லை. நான் போன அன்று தூறல். குடையை மடக்கி வைத்துவிட்டு ஒரு தெரு முழுக்க வீடுகளின் அடியிலேயே நனையாமல் நடந்தேன்.

தளத்தைத் தாங்கும் விட்டங்களின் முனைகள் இந்தத் தள்ளலில் வெளியே வரிசையாக நீட்டிக்கொண்டு தெரியும். வீட்டின் வயதைச் சொல்வது அவைதான். பெரிய தள்ளலும் தடித்த மரமும் இருந்தால் பழசு. 16ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் செதுக்கல் வந்துவிடும். ஸ்டீக் தெருவின் 28ஆம் எண் வீடு 1580-ல் கட்டியது. அதன் எதிரே நெடுநேரம் நின்றேன். ஒவ்வொரு தூணின் காலடியிலும் ஒரு விசிறி. அரைவட்டமாக விரிந்த இதழ்கள். உற்றுப் பார்த்தால் அந்த அரைவட்டம் ஒரே மரத்தில் இல்லை. நடு இதழ்கள் தூணில், வலது ஓர இதழ்கள் பக்கத்து முக்கோணக் கட்டையில், இடது ஓரம் இன்னொரு கட்டையில். மூன்று மரங்கள் கூடுகிற இடத்தில்தான் ஒரு பூ முழுதாகிறது. மரம் சுருங்கி நடுவில் மயிரிழை விலகியும் பூ கலையவில்லை.

17ஆம் நூற்றாண்டில் ரசனை மாறுகிறது. விட்ட முனைகளை நான்கு பட்டை வைத்த கூம்பாகச் செதுக்கியிருக்கிறார்கள், பட்டை தீட்டிய வைரம்போல. இது இந்த ஊர்த் தச்சர்களின் கைமுத்திரை என்றே சொல்லலாம். தெருவில் அவை வரிசையாகப் போகும்போது ஒவ்வொரு கூம்பிலும் ஒரு பட்டை வெளிச்சம், ஒரு பட்டை நிழல். கட்டங்களை அடைக்க மண்ணுக்குப் பதில் செங்கல்லும் வருகிறது. அதையும் சும்மா அடுக்காமல் மீன் முள்போலவும் கட்டம் கட்டமாகவும் வைத்து விளையாடியிருக்கிறார்கள். ப்ரைட்ட ஷ்ட்ராஸெயில் 1612-ல் கட்டிய 'ரோஜா' வீடும், ஷ்டைன்வேக்கில் 1683-ல் கட்டிய 'பங்குச்சந்தை' வீடும் இந்த வகையில் பார்க்க வேண்டியவை. இரண்டுக்கும் நடுவே முப்பது வருஷப் போர் நடந்து முடிந்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்த உளி வேலையின் நிதானம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

18ஆம் நூற்றாண்டு வீடுகளில் மரம் மெலிந்துவிடுகிறது. தள்ளல் போய்ச் சுவர் தட்டையாகிறது. மரவீடு என்று தெரிவதே கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம் ஒன்று வந்திருக்கிறது. வெளியே சாந்து பூசிக் கல்வீடுபோலக் காட்டிக்கொண்டார்கள். இந்த ஊரிலும் பூச்சுக்குள் ஒளிந்த மரக்கூடுகள் உண்டு. சன்னல்கள் ஒரு வரிசைக்கு இன்னொரு வரிசை கொஞ்சம் முன்னே பிதுங்கியிருந்தால், பூச்சுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

அடிச்சட்டத்தில் எழுத்தும் இருக்கும். கட்டிய வருஷம், கட்டியவர் பெயர், மனைவி பெயர், சில வீடுகளில் தச்சர் பெயரும். 'கடவுளை நம்பியவர் நன்றாகக் கட்டியவர்' என்பது ஜெர்மனியெங்கும் வீடுகளில் காணக்கிடைக்கும் வாசகம். மன்னர்கள் கல்லில் வெட்டிக்கொண்டதை இவர்கள் மரத்தில் வெட்டிக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது தச்சரின் பெயர் இருக்கிற சட்டங்கள்தான். வேலை செய்தவரின் பெயர் வாசலிலேயே இருக்கிற தெருவில் நடப்பது ஒரு தனி நிறைவு.

சந்தைத் திடலுக்குப் பக்கத்தில் ஷூஹோஃப் என்று ஒரு குறுகலான முடுக்கு இருக்கிறது. செருப்புத் தைப்பவர்களின் முற்றம் என்று பொருள். கீழே பட்டறை, மேலே குடியிருப்பு. தெருவைப் பார்த்த சன்னலுக்குப் பலகைக் கதவு பக்கவாட்டில் இல்லை, மேலும் கீழுமாக இருந்தது. கீழ்ப்பலகையைத் தெருப்பக்கம் மடக்கினால் அது கடைத்திட்டு, செருப்பை அதில் பரப்பலாம். மேல்பலகையைத் தூக்கி முட்டுக் கொடுத்தால் அது மழைத்தடுப்பு. இருட்டியதும் இரண்டையும் மூடினால் கடை மறுபடி வீடு. அந்த முடுக்கில் இரண்டு கைகளையும் விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் தட்டிவிடும் போலிருந்தது. ஒருவர் தும்மினால் எதிர்வீட்டில் வாழ்த்துச் சொல்லியிருப்பார்கள்.

கோட்டைக் குன்றின் எதிரே மியூன்ட்சன்பெர்க் என்று இன்னொரு குன்று. 986-ல் அங்கே பெண் துறவியருக்கு ஒரு மடம் நிறுவப்பட்டது. 1525 விவசாயிகள் போரின்போது மடம் கைவிடப்பட்டது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், ஊருக்குள் மனை வாங்க வழியில்லாத ஏழைகள் அங்கே ஏறினார்கள். பாத்திரம் அடைப்பவர்கள், நாடோடிப் பாட்டுக்காரர்கள், கூலிக்காரர்கள். இடிந்த மடத்தின் கல்லையே எடுத்து, தேவாலயத்தின் சுவர்களுக்கு மேலும் உள்ளேயுமாகக் கைப்பிடி அளவு வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு வீட்டின் நிலவறை, தேவாலயத்தின் ஒரு துண்டு. பக்கத்து வீட்டின் நிலவறை இன்னொரு துண்டு. நீண்ட படிகளில் ஏறிப்போனால் இப்போது பூந்தொட்டியும் சைக்கிளுமாக அமைதியாக இருக்கிறது. கீழே ஊருக்குள் அந்தப் பாட்டுக்காரர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். வீடில்லாதவர்கள் கட்டிய வீடுகள், கோட்டைக்கு நேர் எதிரே, கோட்டை அளவுக்கே உயரத்தில். அந்தக் குன்றிலிருந்து கோட்டையைப் பார்ப்பதுதான் இந்த ஊரின் மிகச் சிறந்த காட்சி என்பது என் கருத்து.

சரி, இவ்வளவு வீடுகள் எப்படி மிஞ்சின? 'பாதுகாத்தார்கள்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட முடியாது. குண்டு விழவில்லை, அது ஒன்று. அதற்குப் பிறகு வந்த நாற்பது வருஷம் வேறு மாதிரியான சோதனை. கிழக்கு ஜெர்மனியில் வாடகையை மிகக் குறைவாக நிர்ணயித்து வைத்திருந்தார்கள். குடியிருப்பவருக்கு நல்லது, ஆனால் அந்த வாடகையில் ஓடு மாற்றக்கூட வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகாது. புது அடுக்குமாடிகளில் குழாயைத் திறந்தால் வெந்நீர், அறைக்கு அறை வெப்பம். இங்கே கரி அடுப்பு, முற்றத்தில் கழிப்பறை. மனிதர்கள் போனார்கள். ஓடு நழுவிய இடத்தில் மழை இறங்கியது. மர வீட்டுக்குக் கூரையில் ஓர் ஓட்டை போதும். 1960களில் பழைய நகரத்தின் பெரும்பகுதியை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் புது மையம் கட்டவே திட்டம் போட்டார்கள். அது நடக்காமல் போனதற்கு முக்கியமான காரணம், அதற்குப் பணம் இல்லாததுதான். 1980களில் பழைய நகரின் வடபகுதியில் சில தெருக்கள் போய்க் கான்கிரீட் வீடுகள் வந்தன. சாய்வான கூரை, தெருவின் பழைய அளவு என்று கொஞ்சம் மரியாதையோடுதான் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அங்கே நடக்கும்போது கண்ணுக்கு வேலை இல்லாமல் போகிறது. கதவு, சன்னல், கதவு, சன்னல், அவ்வளவுதான்.

1989-ல் பெர்லின் சுவர் விழுந்தபோது இந்த ஊரில் ஏராளமான வீடுகள் காலியாக, மழையில் ஊறிக்கொண்டு நின்றன. இன்னும் பத்து வருஷம் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். 1991-லிருந்து மரபுநகரங்களைப் புதுப்பிக்க அரசுப் பணம் வந்தது, யுனெஸ்கோ பட்டியல் வந்தது, தனியாரும் அறக்கட்டளைகளும் வீடு வீடாக எடுத்துச் சீர்செய்தார்கள். இன்றும் முடியவில்லை. பளபளப்பான இரண்டு வீடுகளுக்கு நடுவே மூன்றாவதாக, சன்னலில் பலகை அறைந்து, வெளியிலிருந்து மரக்கட்டைகள் முட்டுக் கொடுத்து நிற்கும் வீட்டைப் பார்க்கலாம்.

செல்வத்தால் மிஞ்சிய ஊர்கள் உண்டு. இந்த ஊர் மிஞ்சியதில் வறுமைக்கும் பங்கு உண்டு. இடிக்கக்கூட வசதி இல்லாத வறுமை. ஆனால் வறுமை ஒரு வீட்டைச் சும்மா விட்டுவைக்கத்தான் முடியும், தாங்கிப்பிடிக்க முடியாது. தாங்கிப்பிடித்தது வேறொன்று. அதை ஸ்டீக் பக்கத்துச் சந்தொன்றில் பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு கட்டம் மட்டும் திறந்து கிடந்தது. அறுபது வயதிருக்கும் ஒருவர், முழங்கைவரை மண்ணோடு, தொட்டியில் எதையோ பிசைந்துகொண்டிருந்தார். நான் நின்று பார்ப்பதைக் கண்டு, "நெருங்கி வந்து பாருங்கள், கடிக்காது" என்றார்.

அது அவருடைய சொந்த வீடு. பல வருஷத்துக்கு முன் யாரோ கீழ்ச்சுவருக்கு சிமென்ட் பூசியிருக்கிறார்கள். உறுதியாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான். ஆனால் மரம் வெயிலுக்கும் குளிருக்கும் அசைந்துகொண்டே இருக்கும், சிமென்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவே விரிசல் விழும். விரிசலில் மழை இறங்கும். இறங்கிய தண்ணீரை சிமென்ட் வெளியே விடாது. பின்னால் அடிச்சட்டம் நசநசவென்று ஊறிப் பொடிப்பொடியாகியிருந்தது. தட்டிக் காட்டினார். சத்தமே வரவில்லை.

"மண் அப்படி இல்லை. மரத்திலிருக்கும் ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு காற்றில் விட்டுவிடும். மண்ணுக்குள் இருக்கும் மரம் கெடாது" என்றார்.

அடிச்சட்டத்தின் இற்றுப்போன நீளத்தை மட்டும் அறுத்து எடுத்துவிட்டுப் புது ஓக் துண்டைக் கோத்திருந்தார்கள். அதற்கு வீட்டையே ஜாக்கி வைத்துச் சில மில்லிமீட்டர் தூக்க வேண்டுமாம். ஒரு நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக, வீடு முனகுவதைக் கேட்டுக் கேட்டு. மேலே இரண்டு தளமும் கூரையும் அப்படியே இருக்க, காலை மட்டும் மாற்றுவது. புது மரம் வெளுத்த மஞ்சளாக, பழையதோடு பல்லோடு பல் கடித்ததுபோல் உட்கார்ந்திருந்தது. பூட்டியது மரஆணியால்தான். ஓக் மரத்தின் துவர்ப்பு இரும்பை அரித்துவிடும். அந்த மரஆணிகளின் தலைகள் சுவரைவிட்டு அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தன. ஏன் மட்டமாக அறுக்கவில்லை என்று கேட்டேன்.

"மரம் சுருங்கினால் இன்னும் உள்ளே தட்டலாம். பின்னால் வருகிறவர் கழற்ற வேண்டுமென்றால் வெளியே தட்டலாம்" என்றார்.

அந்த நான்கு கோடுகள் சட்டென்று நினைவுக்கு வந்தன. ஒருமுறை கழற்றிப் பூட்டிய வீடு, மறுபடியும் கழற்ற முடிகிற வீடு. அவரிடம் சொன்னேன். என்னை உள்ளே கூட்டிப்போய் அவர் வீட்டுத் தூணிலும் அதைக் காட்டினார். எட்டு. அதற்குப் பக்கத்திலேயே, புதிதாகக் கோத்த துண்டில், தச்சர் இந்த வருஷம் உளியால் வெட்டிய எட்டு.

தொட்டியில் பிசைந்துகொண்டிருந்தது புது மண் இல்லை. இடித்தெடுத்த அதே பழைய கட்டத்து மண்ணைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்திருந்தார். களிமண் அப்படித்தான், எத்தனை வருஷம் காய்ந்து கிடந்தாலும் நீர் பட்டால் இளகிவிடும். போதாததற்குக் கொஞ்சம் புது வைக்கோல் மட்டும் சேர்த்திருந்தார். கையை விடுகிறீர்களா என்று கேட்டார். விட்டேன். குளிர்ந்த, கனத்த மண். ஒரு பிடி எடுத்து, அவர் சொன்னபடி, பின்னிய குச்சிகளின்மேல் ஓங்கி எறிந்தேன். வைத்து அழுத்தினால் பிடிக்காது, எறிந்தால்தான் இடுக்கில் புகும். முதல் பிடி பாதி கீழே விழுந்தது. நான்காவது நின்றது.

ஐந்தாவது பிடிக்குக் கையை விட்டபோது விரலில் ஏதோ நெருடியது. ஒரு கதிர். மணிகள் உதிர்ந்துபோய்ச் சக்கையும் தாளும் மட்டும், ஆனால் இன்னும் மஞ்சள் நிறம் மாறாமல். அவர் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ரை என்கிற தானியம். வீடு கட்டிய வருஷத்து அறுவடையாக இருக்கலாம்" என்றார். காற்றும் வெளிச்சமும் படாமல் சுவருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

பத்திரப்படுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அதைத் திரும்பத் தொட்டியிலேயே போட்டு, மற்ற வைக்கோலோடு சேர்த்துப் பிசைந்தார். பிறகு ஒரு பிடி அள்ளிச் சுவரில் எறிந்தார்.